மூன்றடித் தொலைவு

“எம் வாசலத் தாண்டி மாதாவக் கொண்டு போயிருவியளோ? போங்க, பாப்போம்!”

“வழிய விடுட்டி சேசம்மா! ஒனக்காவத்தான தாண்டுதோம்.”

“எனக்காவ யாரும் தாண்ட வேண்டாம், உபதேசியாரே!”

இவ்வாறு இரு குரல்கள் ஒன்றையொன்று குதறிக்கொண்டிருந்த வேளையில், தோல்களின் வீச்சமும் சூளைப் புகையும் பின்னிப் பிணைந்த தாராவியின் மேல்வானம், அறுத்த கிடாயின் குருதி தோய்ந்த துணிபோல் சிவந்து கிடந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துநான்காம் ஆண்டின் ஐப்பசி அந்தி அது. செபமாலை மாதமாதலால், அன்னை மரியாளின் திருவுருவம் நாளுக்கொரு வீடாகத் தங்கி வந்தது. தங்கிய வீட்டார் தம் கையாலேயே அடுத்த வீட்டார் கையில் ஒப்படைத்தல் அச்சந்தின் மாறா வழக்கம்.

வழக்கம் நல்லதே, வீடுகள்தாம் பொல்லாதவை. அன்னை தங்கியிருந்தது ஏஞ்சலம்மாளின் வீட்டில். அவள் கணவன் சந்தியாகு, ஓராண்டுக்கு முன் குடிவெறியில் சேசம்மாளின் கணவன் இன்னாசிமுத்துவைத் தோல் சீவும் கத்தியால் குத்திக் கொன்று சிறை புகுந்தவன். அடுத்த வீடோ சேசம்மாளுடையது. இடையே மூன்றடிச் சாக்கடை. ஆகவே அவள் வீட்டை விட்டுவிட்டு அதற்கடுத்த வீட்டுக்கு அன்னையைக் கொண்டுபோக முனைந்தார், செபம் நடத்திவைக்கும் உபதேசியார்.

அன்பரீர், பழி தீர்க்கவே அவள் வழிமறித்தாள் என்று, சுவரோடு காதை ஒட்டியிருந்த அச்சந்தினராகிய நாமனைவரும் முடிவுகட்டினோம். அவள் நெஞ்சிலிருந்ததோ வேறு. ஓராண்டாக, ஆண்டவர் கற்பித்த மன்றாட்டில், தீமை செய்தோரைப் பொறுப்பதாகச் சொல்லும் இடம் வந்ததும் அவள் நா கல்லாகிவிடும்; அவ்வரியை விழுங்கி அடுத்ததற்குத் தாவுவாள். விழுங்கிய வரி ஒவ்வொன்றும் உள்ளே கிடந்து அறுத்தது. ஏஞ்சலம்மாள் கையாலேயே அன்னையை வாங்கினால் அவ்வரி வாய்க்கு வரும் என்பதே அவளிடம் எஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை.

“ஏஞ்சலு, நீயே கொண்டாட்டி.”

ஏஞ்சலம்மாள் இரு கைகளில் அன்னையை ஏந்தி அடியெடுத்து வைத்த கணத்தில், கூட்டத்தைக் கிழித்துப் பாய்ந்தான் இன்னாசிமுத்துவின் தம்பி பிச்சையா.

“எங்கண்ணன் ரத்தங் குடிச்ச வீட்டுக் கையாலயா மாதாவ வாங்குதிய? வெலகுங்க மைனி!”

கூந்தலைப் பற்றி ஏஞ்சலம்மாளை மண்ணில் வீழ்த்தினான். அவளோ அன்னையை விட்டாளில்லை. உபதேசியார் தண்ணீர்ப் பீப்பாயின் பின்னே அடைக்கலம் புகுந்தார். பிச்சையா இடுப்பிலிருந்து உருவ, மின்னி இறங்கிய கத்தியின்கீழ் நீண்டது சேசம்மாளின் முன்கை. எலும்பு தெரியப் பிளந்த சதையினின்று பீறிட்ட குருதி, அன்னையின் நீலப் போர்வையை நனைத்தது. மீண்டும் ஓங்கினான்.

“குத்துலே! ஒங்கண்ணன் எந்திச்சு வந்துருவாருன்னா என்னையுஞ் சேத்துக் குத்து!”

கத்தி சாக்கடையில் விழுந்தது. பிச்சையா தலையிலடித்துக்கொண்டு அமர்ந்தான்.

சேசம்மாள் அன்னையை வாங்கி, முழந்தாளிட்டு, மன்றாட்டைத் தொடங்கினாள். அவ்வரி வந்தது. அன்பொழுகச் சொன்னாள் என்று எவரும் சான்று கூறார். கல்லை உமிழ்பவள்போல், பல்லைக் கடித்துச் சொன்னாள். ஆயினும் சொன்னாள். காவலர் வந்து வினவியபோது, தோல் சீவுகையில் கை தவறியது என்றாள். அந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் சொன்னாளா என்பது நமக்கே எட்டாத செய்தி.

பிச்சையா காட்கோபரில் பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிட்டான். சேசம்மாளுக்கென நாம் பேசி முடித்த மாப்பிள்ளைகள் இருவரும் வீணாயினர். அவள் மறுமணம் நாடவில்லை. ஏஞ்சலம்மாள் செம்பூருக்குக் குடிபெயர்ந்தாள். எனினும் ஆண்டுதோறும் அந்நாளில், இரு பேருந்து மாறி வந்து, தன் பழைய வாசலில் அன்னையை ஏந்தி, தழும்பேறிய கையில் ஒப்படைத்து, ஒரு வாய்த் தண்ணீரும் அருந்தாமல் திரும்புவாள். மூன்றடிதானே என்று எண்ணுவோர், ஒருமுறை அதை நடந்து பார்க்கட்டும்.