மாற்ற முடியாத உரிமம்

கணினியின் மதர்போர்டு எரிந்துபோனது. புதியது மாட்டியதும், இயங்குதளத்தின் உரிமம் செல்லாது என்று திரை சொன்னது. கல்யாண ஆல்பம் வடிவமைப்பவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கணவனையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

"அந்த உரிமம் பழைய போர்டோட மட்டும்தான் ஓடும்க்கா," என்றான் கடைக்காரன்.

"எந்த மெஷினுக்கும் மாத்திக்கிற உரிமத்தைத்தானே நான் கேட்டேன்?"

"அண்ணன்தான் ஃபோன் பண்ணி, 'அவ பொழுதுபோக்குக்குப் பண்றா, மலிவானதே போதும்'னாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். கணவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"பொழுதுபோக்கா? நீங்க வேலையில்லாம உக்காந்திருந்த வருஷம் முழுக்க அடுப்பு எதுலங்க எரிஞ்சுது?"

"கடையில வச்சுக் கத்தாதே. இப்பவும் மலிவானதே..."

"வாயைத் திறக்காதீங்க! தம்பி, மாத்திக்கிற உரிமத்தையே குடு. என் பேர்ல பதிவு பண்ணு. போர்டு மாறினாலும், வீடே மாறினாலும், அது என்கூட வரணும்."

கணவன் இப்போதுதான் அவளைப் பார்த்தான்.