தெருமுனையில் ஒரு சி.இ.ஓ.

திண்டுக்கல்லில் கல்யாணமோ காதுகுத்தோ, ஃபிளெக்ஸ் போர்டு இல்லாமல் நடக்காது. அதை அடித்துக் கொடுப்பவன் நான். சொந்த மச்சினனுக்கு அடிக்காமல் விடுவேனா?

கிளெமென்ட் என் மனைவி ஆனந்தமேரியின் தம்பி. என் கடைக் கம்ப்யூட்டரில்தான் முதலில் கை பழகினான். சென்னையில் இன்ஜினியர் ஆனபோது அடித்த போர்டு, இப்போது எங்கள் வண்டிக்குக் கூரை. பெங்களூரில் மேனேஜர் ஆன போர்டு கோழிக்கூண்டின் மேல் கிடக்கிறது. பிறகு ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் ஆப் செய்து, சொந்தக் கம்பெனிக்கே சி.இ.ஓ. ஆகிவிட்டான்.

என் மகள் பாத்திமா சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்குத் தெருமுனையில் கட்டிய போர்டில் மகள் ஓரத்தில் நின்றாள். நடுவில் கோட்டு சூட்டோடு தாய்மாமன். “புதுநன்மை பிள்ளைக்கா, உங்க மாப்ளைக்கா?” என்று ஆனந்தமேரிகூடக் கேட்டாள்.

விழாவன்று சர்ச் பூசையிலேயே கிளெமென்ட் எழுந்து எழுந்து வெளியே போனான். வீட்டுக்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. போனைப் பார்ப்பதும் தெருமுனை வரை நடப்பதுமாக இருந்தான். காப்பி ஆறிப்போனது.

“மச்சான், அந்த போர்டக் கழட்டிரலாமா?”

எனக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தால் என் நாக்கு நிற்காது. “ஏன் மாப்ள, பெரிய ஆளாயிட்டா எங்க போர்டு அசிங்கமாத் தெரியுதாக்கும்? ஒனக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே நாந்தாண்டா!”

“அதில்ல மச்சான். என்னைய வேலையவிட்டுத் தூக்கிட்டாங்க. பணம் போட்டவங்க நேத்துக் கூடிப் பேசி, நீ வேணாம்னுட்டாங்க. நான் ஆரம்பிச்ச கம்பெனி. மத்தியானம் நியூஸ் எல்லார் போன்லயும் வந்துரும். சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் வர்ற நாளு. அக்காகிட்ட எப்படிச் சொல்ல?”

பேசிய பேச்சுக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

நான் கட்டிய கயிறு லேசில் அவிழவில்லை. கிளெமென்டே ஏறி அறுத்தான். சுருட்டிக்கொண்டு வரும்போது பிரியாணி போட வந்த சனாவுல்லா பாய், “அதை இங்கிட்டுக் கட்டுங்கப்பா, வெயில் மண்டையப் பொளக்குது” என்றார். வெங்காயம் உரிப்பவர்களுக்கு மேலே கட்டினோம். அவசரத்தில் சி.இ.ஓ. தலைகீழாகத் தொங்கினார்.

அதற்குள் ஆனந்தமேரி வந்துவிட்டாள்.

“போர்டை ஏன் கழட்டுனீங்க?”

நான் காற்று, கயிறு என்று ஏதோ உளறினேன். கிளெமென்ட் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“எனக்கு வேலை போயிருச்சுக்கா.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கண் கலங்கியது. அதைத் துடைத்த முந்தானையை அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“மொதப் பந்தி உக்காந்தாச்சு. தண்ணி ஊத்த ஆளில்ல. வாடா.”

சி.இ.ஓ. ஆனதிலிருந்து எங்கள் வீட்டு விசேஷங்களில் அவனை நாங்கள் ஒரு துரும்பைக்கூடத் தூக்கவிட்டதில்லை. ஃபேனுக்கு நேரே நாற்காலி போட்டு உட்காரவைப்போம். அன்று ஜக்கை வாங்கிக்கொண்டு பந்திக்குள் போனான். சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. ஆனாலும் கண் சட்டைப்பைக்கே போனது.

“ஏலே, எலையெல்லாம் தண்ணி! பாத்து ஊத்துடா!” என்று அவன் பெரியம்மா லூர்தம்மாள் கத்தினாள்.

“சரி பெரியம்மா” என்று குனிந்து, அடுத்த டம்ளருக்கு நிதானமாக ஊற்றினான்.