வூட்டு வார்த்தை

சித்திரையில் அடைத்துக்கொண்ட முகத்துவாரம் ஐப்பசி பாதி போயும் திறக்கவில்லை. எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. ஜெயிலையே திறந்துவிட்டார்கள், நம்ப பாலாத்து வாயைத் திறக்கத்தான் நாதியில்லை என்று குப்பத்தில் கிண்டலடித்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் மணல் மேடு ஆள் உயரத்துக்குக் கிடந்தது. அதற்கு உள்ளே மழைத் தண்ணீர் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே வந்தது. கிண்டல் ஓய்ந்துபோய் எல்லாருக்கும் கவலை வந்துவிட்டிருந்தது.

கடல் கொந்தளிப்பாக இருந்ததால் குப்பத்துக் கட்டுமரங்கள் எல்லாம் கரையேறிக் கிடந்தன. ஆண்கள் சீட்டாடினார்கள், தூங்கினார்கள், பெண்டாட்டிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். தேசப்பனுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. அவனிடம் இரண்டே கட்டை சேர்த்துக் கட்டிய சின்ன மரம் ஒன்று இருந்தது. ஒரு ஆள் முட்டி போட்டு உட்கார்ந்து துடுப்புப் போடலாம். இன்னொரு ஆள் ஏறினால் கட்டை முங்கிவிடும். புது வெள்ளத்தில் கொடுவா மீன் கலங்கல் தண்ணீரின் ஓரமாக, நாணல் புதர் அண்டையில் ஒதுங்கி நிற்கும் என்பது அவன் கணக்கு. விடிகிற நேரத்தில் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

போக வேண்டாம் என்று அவன் பெண்டாட்டி ரத்னா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். இன்றைக்கோ நாளைக்கோ மணலை வெட்டுவார்கள், அந்த நேரத்தில் உள்ளே இருக்காதே என்றாள். அவன் காதில் போட்டுக்கொண்டால்தானே. வெட்டுவதற்குள் வந்துவிடுவேன், நீ அடுப்பை மூட்டி மிளகாயை அரைத்து வை என்று சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கும் வந்தது.

அவள் பயப்பட்டதற்குக் காரணம் இருந்தது. ரத்னாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால், இதே மாதிரி ஒரு மழைக்காலத்தில், அவள் அண்ணன் தணிகைவேல் உள்ளே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது இங்கே மணலை வெட்டிவிட்டார்கள். அடைபட்டிருந்த ஆறு ஒரே மூச்சில் கடலுக்குப் பாய்ந்தது. அவனையும் அவன் மரத்தையும் இழுத்துக்கொண்டு போய் அலைக்குள் தள்ளியது. கட்டை சதுரங்கப்பட்டினத்துக் கரையில் ஒதுங்கியது. அண்ணன் ஒதுங்கவே இல்லை.

அதற்கப்புறம் குப்பம் கங்கையம்மன் கோயிலில் கூடி ஒரு கட்டுப்பாடு போட்டது. கால்வாயைக் கடல் பக்கத்திலிருந்து தோண்டிக்கொண்டு வர வேண்டும். ஆற்றை ஒட்டி ஒரு திட்டை மட்டும் விட்டு வைக்க வேண்டும். அந்தத் திட்டில் மண்வெட்டி படுவதற்கு முன்னால் நாட்டார், அதாவது ஊர்த் தலைவர், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று சத்தமாகக் கேட்க வேண்டும். யாராவது இருந்தால், அவன் வீட்டிலிருந்து ‘வெட்டு’ என்று ஒரு வார்த்தை வர வேண்டும். வராமல் திட்டில் கை வைக்கக் கூடாது. அதற்கு ‘வூட்டு வார்த்தை’ என்று பெயர். போட்ட நாளிலிருந்து அதற்கு வேலையே வந்ததில்லை. நாட்டார் கேட்பார், எங்க வூட்டு ஆளு குறட்டை வுட்டுகினு கீறாரு என்று பெண்கள் சிரிப்பார்கள், திட்டை வெட்டிவிடுவார்கள்.

அன்றைக்கு வெயில் ஏறுகிற நேரத்தில் ஞானதாஸ் ஓடி வந்தான். ஆற்றின் வளைவுக்கு அந்தப் பக்கம், பழைய படகுக் கால்வாய்க் கரைக்கு மேற்கே, காலனியில் இருப்பவன். கல்பாக்கத்தில் கட்டட வேலைக்குப் போகிறவன். இருட்டோடு கிளம்பி இடுப்புத் தண்ணீரில் சுற்றி வளைத்து வந்திருந்தான். காலனியில் வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது, நடக்க முடியாத அம்மாவைப் பரண் மேல் ஏற்றி உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறேன், தயவு பண்ணி இன்றைக்கே வெட்டிவிடுங்கள் என்று நாட்டார் காசிநாதனிடம் கையெடுத்துக் கும்பிட்டான்.

காசிநாதன் கடலைப் பார்த்தார். தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தது. இதை வத்தம் என்பார்கள். கடல் இறங்கியிருக்கும் இந்த வத்தத்தில்தான் வெட்ட வேண்டும். அது திரும்பி ஏத்தம் தொடங்கிவிட்டால் அவ்வளவுதான். ஆறு வெளியே போகாது, கடல் உள்ளே வந்து மணலைக் கொட்டி மறுபடி அடைத்துவிடும். அடுத்த வத்தம் ராத்திரியில். அந்த இருட்டில், அந்த அலையில் யாரும் மணல்மேல் நிற்க முடியாது. ஆகவே இப்போது விட்டால் நாளைக்குத்தான். நாட்டார் ஆள் திரட்டினார். மழைத் தூறலில் ஆண்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் வேலை செய்தார்கள். ஞானதாஸ் எல்லாரையும்விட வேகமாக வெட்டினான். உச்சி வேளைக்குள் கால்வாய் தயாராகிவிட்டது. திட்டு மட்டும் பாக்கி.

நாட்டார் நிமிர்ந்து நின்று குரல் கொடுத்தார்.

“உள்ள யாருனா கீறாங்களா?”

“எங்க வூட்டுக்காரு கீறாரு சித்தப்பா” என்றாள் ரத்னா.

அவள் அதற்குள் அங்கே வந்து திட்டின்மேல் நின்றுகொண்டிருந்தாள். வேலையெல்லாம் அப்படியே நின்றது. நாட்டார் இரண்டு பேரைக் கரையோடு ஓட விட்டார். அவர்கள் நாணல் புதர்களை எல்லாம் பார்த்து, படகுக் கால்வாய் ஆற்றில் சேருகிற இடம் வரைக்கும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஆளும் இல்லை, மரமும் இல்லை. அதைக் கேட்டும் ரத்னா திட்டைவிட்டு இறங்கவில்லை.

தேசப்பன் விவரம் தெரிந்தவன், தண்ணீரின் போக்கைப் பார்த்து எங்கேயாவது கரை ஏறியிருப்பான் என்று நாட்டார் நயமாகச் சொன்னார்.

“கரை ஏறியிருப்பான்னுதான் எங்கண்ணனுக்கும் சொன்னீங்க.”

நாட்டார் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். கட்டுப்பாடு போட்டவரே அவர்தான்.

ஞானதாஸ் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் வந்து நின்றான். “அக்கா, எங்கம்மா பரண்மேல குந்திகினு கீது. சொவரு மண் சொவருக்கா. தண்ணி ஊறிச்சுனா நிக்காது. ஒரு வார்த்தை சொல்லுக்கா. வெட்டச் சொல்லு.”

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்லிவிடுவோம் என்று பயமாக இருந்தது. அவன் காலைப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து தண்ணீரில் கிடந்து விரல் எல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று யார் சொன்னது? ஆனால் கண்ணை மூடினால் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலைக்குள் போவது தேசப்பன் முகமாகவும் அண்ணன் முகமாகவும் மாறி மாறி வந்தது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றாள். சிறிது நேரம் கழித்தும் அதையேதான் சொன்னாள்.

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அப்போது மூர்த்தி அவளுக்குப் பரிந்துகொண்டு வந்தான். இந்த மூர்த்தி, வலை விஷயத்தில் தேசப்பனோடு போன மாசம்தான் கட்டிப் புரண்டவன். “காலனி ஆளுங்க மாதா கோயில் மேட்டுல போய்க் குந்திக்கட்டும். அவுங்களுக்கு இன்னா, இது வருசா வருசம் வர்ற தண்ணி. நம்ப ஆளு உசுருதான் முக்கியம்” என்றான். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். ஞானதாஸ் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். ரத்னாவுக்கு உடம்பு கூசியது. இந்த வாயிலிருந்தா எனக்கு ஆதரவு வர வேண்டும் என்று நினைத்தாள். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் திட்டின்மேல் நின்றாள்.

கடல் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஒரு அலை கால்வாய்க்குள் பாதி தூரம் ஓடி வந்து திரும்பியது. அடுத்தது திட்டின் அடியை நனைத்தது. இனி வெட்டினால் கடல்தான் உள்ளே வரும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாட்டார் மண்வெட்டியை வீசி எறிந்தார். ஞானதாஸ் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்த வழியே போனான். ஒரு சாபம் விட்டிருந்தால்கூட ரத்னாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் மேற்கே கரையோரமாக ஒரு ஆள் நடந்து வருவது தெரிந்தது. மரம் இல்லை, துடுப்பு இல்லை, உடம்பெல்லாம் சேறு. நடையை வைத்து அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓடினாள். போன உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்திக் குத்தி அழுதாள். குப்பமே கூடிவிட்டது. மூர்த்திகூடச் சிரித்தான்.

தேசப்பன் சிரிக்கவில்லை. அவளைத் தாண்டி, அந்த வெட்டாத திட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடந்ததை அவன் துண்டு துண்டாகத்தான் சொன்னான். காலையில் வளைவில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவனுக்குக் காலனிப் பக்கம் குழந்தைகள் அழுகிற சத்தம் கேட்டிருக்கிறது. பனைமரங்களுக்கு நடுவே மரத்தை உள்ளே விட்டிருக்கிறான். தெருவில் கழுத்துத் தண்ணீர். ஞானதாஸ் அப்போதே இங்கே கிளம்பிவிட்டிருந்தான். கட்டையில் இரண்டு பேர் ஏற முடியாது என்பதால் ஒவ்வொரு ஆளாக உட்கார வைத்து, தான் தண்ணீரில் இறங்கித் தள்ளிக்கொண்டு போய், மாதா கோயில் மேட்டில் சேர்த்திருக்கிறான். முதலில் குழந்தைகள், அப்புறம் பெண்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் இறங்குகிறதா என்று கோயில் சுவரைப் பார்த்துக்கொண்டானாம். எங்க ஆளுங்க வெட்டிகினுதான் இருப்பாங்க, இதோ தண்ணி எறங்கிடும் என்று எல்லாருக்கும் தைரியம் சொன்னானாம்.

“கிழவி எல்லம்மா, ஞானதாஸு ஆத்தா, பரண்மேல இருந்துச்சு. நான் கடைசில வரேன், புள்ளைங்கள மொதல்ல தூக்கு, வாய வெட்டிட்டாங்கன்னா தண்ணி தானா எறங்கிடும்னு அதுதான் சொல்லிச்சு. நானும் நம்பினேன். திரும்பிப் போறேன், சொவரு இல்ல. கூரை தண்ணிமேல கெடக்குது. மரத்தை அடியில குடுத்துத் தூக்கிப் பாத்தேன். மரமும் உள்ள மாட்டிக்கிச்சு.” அவன் திட்டைக் கை காட்டினான். “ஏன் வெட்டல? யாரு வாணாம்னது?”

மூர்த்தி கடலைப் பார்க்கப் போய்விட்டான். கடல் திரும்பிவிட்டதப்பா என்று நாட்டார் பாதி உண்மையைச் சொன்னார். ரத்னாவைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசில்லை.

“நான்தான்யா” என்றாள் ரத்னா. “நீ உள்ள கீறேன்னு நான்தான் வார்த்தை தரல.”

தேசப்பன் அவளை வெறித்துப் பார்த்தான். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். அவன் அடித்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அரைத்து வைத்த மிளகாய் அம்மியிலேயே காய்ந்துபோனது.

மறுநாள் மழை விட்டிருந்தது. வத்தம் தொடங்கியதும் ஆண்கள் கால்வாயில் சேர்ந்திருந்த மணலை வாரிக் கொட்டினார்கள். நேற்று வெட்டாததற்கும் சேர்த்து வெட்டுகிற மாதிரி எல்லாரும் பேசாமல் வேலை செய்தார்கள். தேசப்பனும் வெட்டினான். திட்டுக்கு வந்ததும் நாட்டார் வழக்கப்படி நிமிர்ந்தார். எல்லாரும் கரையில்தான் இருக்கிறார்கள் என்பது தெரிந்ததால் அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

“உள்ள யாருனா கீறாங்களா?”

“கீறாங்க” என்றாள் ரத்னா. “எல்லம்மா கீறாங்க. அந்தக் கூரைக்கு அடியில. இன்னும் எடுக்கல.”

கிழவிதான் செத்துப்போய்விட்டாளே என்றார் நாட்டார்.

“வெட்டினா பொணமும் கடலுக்குத்தான் போவும் சித்தப்பா. எங்கண்ணன் எங்களுக்குப் பொணமாக்கூடக் கெடைக்கல. அவங்க வூட்ல கேளுங்க.”

வூட்டு வார்த்தை எல்லாம் குப்பத்து வீடுகளுக்குத்தான், காலனியில் போய் யார் கேட்பது என்று மூர்த்தி ஆரம்பித்தான். வாயை மூடு என்றார் காசிநாதன். இத்தனை வருஷமாக ‘உள்ளே யாராவது’ என்று கேட்டபோதெல்லாம், வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியே உள்ளே இருந்தது. அது அவருக்குத் தோன்றியதே இல்லை. ரத்னாவுக்கும்தான் தோன்றியதில்லை. அவர் கடலை ஒருமுறை பார்த்தார். வத்தம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். நீயே போய்க் கேட்டு வா, சீக்கிரம் வா என்றார்.

படகுக் கால்வாய்க் கரையில் அவள் ஓடினாள். கரை முடிகிற இடத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். ஞானதாஸ் இடிந்த சுவரின்மேல் இடுப்புத் தண்ணீரில் நின்று கூரையின் பனை ஓலைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். கூரைச் சட்டத்தின் கீழே தேசப்பனின் சின்ன மரத்தின் மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. மாதா கோயில் மேட்டிலிருந்து பெண்களும் குழந்தைகளும் அவளையே பார்த்தார்கள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தாள். வாயில் வரவில்லை. மணலை வெட்டப் போகிறார்கள், ஆத்தா உள்ளே இருக்கிறாள், உங்கள் வீட்டு வார்த்தை வேண்டும், எடுத்த பிறகு வெட்டுவதானாலும் சரி என்று மட்டும் சொன்னாள்.

அவன் கையிலிருந்த ஓலையைத் தண்ணீரில் போட்டான்.

“நேத்தே சொன்னனேக்கா” என்றான். மறுபடியும் கூரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் அதே வழியில் திரும்பி நடந்தாள். இந்த முறை ஓட முடியவில்லை. மணல் மேட்டில் எல்லாரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்கள். நாட்டார் என்ன என்பதுபோலப் பார்த்தார்.

“வெட்டுங்க சித்தப்பா” என்றாள் ரத்னா. “அவங்க வூட்ல நேத்தே சொல்லிட்டாங்க.”