கழனி மூலைப் பாறை

"அங்க மட்டும் வேணாம் சார். அடியில பாறை கீது. டிரில்லு ஒடிஞ்சிடும்" என்று முனுசாமி கழனி மூலையை மறித்துக்கொண்டு நின்றான்.

கூழ் கொண்டுவந்த அவன் மனைவி சின்னப்பொண்ணு வரப்பிலேயே நின்றுவிட்டாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனுஷன், சர்க்கார் ஆளோடு மல்லுக்கு நிற்கிறானே! பூமிக்குள் என்னென்ன அடுக்கு இருக்கிறது என்று பார்க்க ஜீப்பில் வந்த கூட்டம் அது. கயிறு பிடித்தாற்போல ஒரே கோட்டில் குழிகள் போட்டு, உள்ளே வெடி வைத்து, அதிர்வு கீழே போய்த் திரும்புவதைக் கருவியில் பிடிப்பார்கள். அறுவடை முடிந்த கழனிதானே என்று முதலில் தலையாட்டியவனே முனுசாமிதான்.

இளம் அதிகாரி பாக்கியராஜ் சிரித்தார். "பாறையா? இந்தப் பக்கம் பூரா களிமண்ணு, அதுக்குக் கீழ மணல், மறுபடி களிமண்ணு. பாறையப் பாக்க எங்கயோ ஆழத்துக்குப் போகணும்யா. நேத்து பக்கத்துக் கழனியிலயே தோண்டிப் பாத்துட்டோம்."

சின்னப்பொண்ணுவின் கையில் கூழ்ச்சட்டி கனத்தது. அந்த மூலையில் கலப்பை இறங்கியதே இல்லை. ஏன் என்று கேட்டபோதெல்லாம் இதே பாறையைத்தான் சொன்னான். எப்போதிலிருந்து? பெரியபாளையத்து அம்மனுக்கு வேப்பிலை கட்டி வலம் வந்து பெற்ற பிள்ளை, மாதம் திரும்புமுன் போனதே, அந்த வருஷத்திலிருந்து. ஆண்கள்தான் எடுத்துப்போய்ப் புதைத்தார்கள். பெற்றவளிடம் இடத்தைச் சொல்வது வழக்கமில்லை. தெரிந்தால் தினமும் போய் உட்கார்ந்துகொள்வாள், அடுத்தது வயிற்றில் தங்காது என்பார்கள். சொல்லாமல் இருந்தும் தங்கவில்லை.

சும்மாதானே கிடக்கிறது என்று ஒருதரம் அங்கே எருவைக் கொட்டினாள். மறுநாளே அவன் வாரி வேறிடத்தில் போட்டிருந்தான். பாழாய்ப்போன புத்திக்கு அப்போதும் உறைக்கவில்லை.

"இன்னாய்யா, அங்கதானா?"

முனுசாமி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டான்.

அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "சார், அங்க எம் புள்ள கீது. தள்ளிப் போட்டுக்குங்க."

பாக்கியராஜின் சிரிப்பு நின்றுபோனது. அடையாளக் குச்சியைத் தானே பிடுங்கி, அடுத்த கழனிக்குள் தள்ளி ஊன்றினார். கோடு கோணலாகிறதே என்று கூட வந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

குழி தயாரானதும் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொன்னார்கள். ஒரு காலடி வைத்தாலும் கருவி அதையும் சேர்த்து எழுதிவிடுமாம். விசில் ஊதும்வரை மாட்டைக்கூட இறுக்கிப் பிடிக்க வேண்டும். மூலைக்கும் அவளுக்கும் நடுவே நாலு எட்டுதான். இத்தனை வருஷம் எங்கே எங்கே என்று தவித்தவள், இடம் தெரிந்தும் மரமாக நின்றாள்.

வெடித்தது. சத்தம் அதிகமில்லை. மண் ஒருதரம் குலுங்கி உள்ளங்கால் வழியாக மேலே ஏறியது. பிள்ளை முழித்துக்கொள்ளுமே என்று அவள் பதறிப்போனாள்.

விசில் ஊதியது. ஆட்கள் பேசிக்கொண்டே ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

"வா, ஊட்டுக்குப் போலாம்" என்றான் முனுசாமி.

சின்னப்பொண்ணு கூழ்ச்சட்டியை வரப்பில் இறக்கிவைத்தாள். கொலுசை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக் கழற்றினாள். பிறகு சத்தம் எழாமல் அடிமேல் அடி வைத்து மூலையை நோக்கி நடந்தாள்.