காலித் தட்டில் ஒரு மீன்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் கிறிசாந்தா ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து நேரே என் சமையலறைக்கு வந்தாள். மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"ஆத்தே, இன்னைக்கு ரெண்டு பொண்ணுங்க என் மீனை முழுசா தின்னுட்டாங்க."

(ஆத்தே என்றால் அவள் ஊரில் அக்கா. என் காதில் விழும்போது மட்டும் எனக்குப் பத்து வயது கூடிவிடும்.)

"என்ன மீன்?"

"இல்லாத மீன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த எனக்கு அப்போதே எழுதக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

கிறிசாந்தா மலபானன், பிலிப்பைன்ஸில் பத்தாங்காஸ்காரி. இங்கே அமெரிக்காவில், யூட்டாவில் கல்லூரியில் படிக்கிறாள். மதியத்துக்கு மேல் மிஷனரி பயிற்சி மையத்தில் தகாலோக் சொல்லிக்கொடுக்கிறாள். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் அங்கே சில வாரம் தங்கி மொழி படித்துவிட்டு, அவள் ஊருக்கு ஊழியம் செய்யக் கிளம்புவார்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மலைமேல் பனி இன்னும் உருகவில்லை. மையத்தின் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து"

நிறுத்து. கார் வந்து நிற்கிற தொடக்கத்தை என் நாவல்களில் போதுமான அளவு எழுதியாயிற்று. அதிலிருந்து யார் இறங்கினாலும் கடைசி அத்தியாயத்தில் கல்யாணம் ஆகிவிடுகிறது.

இரண்டாம் முயற்சி: "சிஸ்டர் லின்ஃபர்ட் அழகானவள். அவளுடைய நீலக் கண்களில்"

கிறிசாந்தா அப்படிச் சொல்லவேயில்லை. "கை பெருசா இருக்கும் ஆத்தே, மாட்டுப்பண்ணைக் கை" என்றுதான் சொன்னாள். கண்ணை விட்டுவிட்டுக் கையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

3

சிஸ்டர் லின்ஃபர்டுக்குப் பெரிய கைகள். (சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரீ இல்லை. மையத்துப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) ஐடஹோவில் மாடும் உருளைக்கிழங்குமாக வளர்ந்தவள். ஐந்து பெண்களில் கடைசி. அவளுடைய சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை கவுன், பனிக்கால பூட்ஸ் எல்லாமே நான்கு அக்காமார் உபயோகித்த மிச்சம். பெயர் சொல்லிக் கூப்பிடும்போதுகூட அவள் அம்மா வரிசையாக நான்கு பெயரையும் சொல்லிவிட்டுத்தான் இவளிடம் வந்து நிற்பாள்.

அவளுக்கென்றே வந்த முதல் பொருள் ஊழியத்துக்கான அழைப்பு. பிலிப்பைன்ஸ். தகாலோக் மொழி. அக்காமார் யாரும் போட்டுப் பழசாக்காத ஊர். அவர்கள் வாயில் படாத மொழி.

அந்த மொழிதான் அவள் வாயில் நுழைய மறுத்தது.

தனியாகப் படித்தால் எல்லாம் தெரியும். குளியலறைக் கண்ணாடி முன்னால் முழுப் பாடத்தையும் தண்ணீர்பட்ட பாடாக ஒப்பிப்பாள். எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்து நடுவில் ஒரு கேள்வி கேட்டால் போதும், தடம் புரண்டுவிடும். மறுபடி முதல் வரிக்கு ஓடுவாள். இன்னொரு கேள்வி வந்தால் முதல் வரியும் போய்விடும்.

மொழிப் பிரிவு மேற்பார்வையாளர் பிரதர் கார்ஸ்டென்ஸ் திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டார். நல்லவர். (கதைக்கு ஒரு கெட்டவர் கிடைக்காத குறையை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.)

"வியாழக்கிழமை உன் வகுப்புல வந்து உட்காருறேன்மா. அப்பவும் பேச்சு வரலைன்னா இங்கிலீஷ் பேசுற ஊர் ஏதாவது ஒண்ணுக்கு மாத்திடலாம். அது தண்டனை இல்ல, சரியா? அங்கயும் ஆளுங்கதான் இருக்காங்க."

"சரிங்க" என்றாள்.

வெளியே வந்ததும் சுவரோரம் நின்றுவிட்டாள். கூடவே நின்றாள் அவளுடைய ஜோடி, சிஸ்டர் ஃபோனோட்டி.

ஜோடி என்பது மையத்துச் சட்டம். ஒருத்தியின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் எப்போதும் இன்னொருத்தி இருக்க வேண்டும். ஒருத்தி குளிக்கப் போனால் மற்றவள் வெளியே நின்று பாடிக்கொண்டிருப்பாள். பல கல்யாணங்களில் இவ்வளவு நெருக்கம் கிடையாது.

"எந்த ஊருக்கு மாத்துவாங்களாம்?" என்றாள் ஃபோனோட்டி. சமோவாக்காரி, மெல்லப் பேசினாலே நடைக்கூடம் முழுக்கக் கேட்கும்.

"தெரியல. எங்க பெரியக்கா அயோவாவுல ஊழியம் பண்ணினா. அங்கயா இருக்கும்."

"அதையும் அவ போட்டுக் கழட்டிட்டாளா?"

லின்ஃபர்ட் சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். ஃபோனோட்டி தன் பெரிய கைக்குட்டையை எடுத்து நீட்டி, "நீ போனா எனக்குப் புதுசா ஒருத்தியக் கட்டி வைப்பாங்க. குறட்டை விடுறவளா இருந்தா உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்றாள்.

4

இங்கே ஒரு காதல் வந்திருக்க வேண்டும். என் வாசகிகளுக்குத் தெரியும். அதற்காக எல்டர் ஹாச் என்று ஒரு பையனைத் தயாராகவே வைத்திருந்தேன். (எல்டர் என்றால் மூத்தவர். வயது பத்தொன்பது. மீசையே சரியாக வரவில்லை.)

ஆனால் இந்த இடத்தில் காதலுக்குக் கதவே இல்லை. கைகுலுக்கலாம், அவ்வளவுதான். சரி, அவர்களைச் சாப்பாட்டுக் கூடத்திலாவது எதிரெதிரே உட்கார வைப்போம் என்று எழுதிப்பார்த்தேன்:

மதியச் சாப்பாட்டு வேளையில் தகாலோக் மட்டும்தான் பேச வேண்டும் என்று அந்த வகுப்பு தீர்மானித்திருந்தது. அதனால் மேஜையில் மயான அமைதி. மனந்திரும்புங்கள் என்று சொல்ல எல்லோருக்கும் தெரியும். உப்பை எடு என்று சொல்ல ஒருவருக்கும் தெரியாது. எல்டர் ஹாச் தக்காளி சாஸைக் கேட்பதற்காக எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, "சகோதரியே, சிவப்பான ஆசீர்வாதம்" என்றான். லின்ஃபர்ட் நகர்த்தி வைத்தாள். அவர்களுடைய விரல்கள்

விரல்கள் ஒன்றும் செய்யவில்லை. எல்டர் ஹாச் நிறைய சாஸ் போட்டுச் சாப்பிட்டுவிட்டு இந்தக் கதையிலிருந்து போகிறான். போய் வா தம்பி.

5

இனி ஆலிங் சாயோங். அவள் இல்லாதவள். இந்தக் கதையின் மிக முக்கியமான ஆளும் அவள்தான்.

தினமும் வகுப்பின் ஒரு பகுதியில் கிறிசாந்தா ஆசிரியையாக இருக்கமாட்டாள். ஒரு பூப்போட்ட துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆலிங் சாயோங் ஆகிவிடுவாள். பத்தாங்காஸ் கடற்கரையில் மீன் விற்கிற பெண். ஜோடிகள் வகுப்பறைக் கதவுக்கு வெளியே நின்று, "தாவோ போ!" என்று குரல் கொடுக்க வேண்டும். அங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. 'மனுஷங்க வந்திருக்கோம்' என்று கூப்பிடுவதுதான் வழக்கம். ஆலிங் சாயோங் திறப்பாள். மேஜைமேல் ஒரு காலித் தட்டு இருக்கும்.

"காயின் தாயோ! வாங்க சாப்பிடலாம். சோறு இருக்கு, மீன் இருக்கு."

உடனே எல்லா ஜோடிகளும் ஒரே மாதிரி தகாலோக்கில் சொல்வார்கள்: "நன்றிங்க, எங்களுக்கு வயிறு நிறைஞ்சிருக்கு." சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஆலிங் சாயோங், "எனக்குச் சந்தைக்கு நேரமாச்சு" என்று எழுந்து கதவைக் காட்டிவிடுவாள். அந்த வகுப்பில் யாருமே அவள் வீட்டில் பாடத்தின் பாதியைத் தாண்டியதில்லை.

"ஏன் துரத்துறாங்க?" என்று எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். உச்சரிப்பைத் திருத்தினார்கள். இன்னும் வேகமாக ஒப்பித்தார்கள்.

"நீயே சொல்லியிருக்கலாமே?" என்று கிறிசாந்தாவிடம் கேட்டேன்.

"சொன்னா அதையும் மனப்பாடம் பண்ணிடுவாங்க ஆத்தே. எங்க வீட்டுக்கும் சின்ன வயசுல இப்படி ரெண்டு ரெண்டு பேரா வருவாங்க. வயிறு நிறைஞ்சிருக்குன்னு சொன்னவங்க யாரு முகமும் ஞாபகமில்ல. உட்கார்ந்து தின்னவங்க பேரெல்லாம் எங்கம்மா இப்பவும் சொல்லுவாங்க."

6

வியாழக்கிழமை.

பிரதர் கார்ஸ்டென்ஸ் கடைசி நாற்காலியில். வெளியே லின்ஃபர்டும் ஃபோனோட்டியும்.

"காலையில ஒண்ணும் சாப்பிடலைல்ல நீ?"

"இறங்கல."

"பாடம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. முழுசா இருக்கு. என்கிட்ட பேசாத, சிந்திடும்."

"தாவோ போ!" என்று ஃபோனோட்டி கூப்பிட்டாள். கட்டடமே திரும்பிப் பார்த்திருக்கும்.

கதவு திறந்தது. உள்ளே போனார்கள். ஆலிங் சாயோங் தட்டைக் காட்டி, "காயின் தாயோ" என்றாள். லின்ஃபர்ட் வாயைத் திறந்தாள். பின்னால் பிரதர் கார்ஸ்டென்ஸ் லேசாக இருமினார்.

அவ்வளவுதான். எல்லாம் போயிற்று. பாடம் போயிற்று, வயிறு நிறைந்திருக்கிறது என்ற அந்த ஒற்றை வாக்கியமும் போயிற்று. அந்த மௌனத்தில் அவளுடைய வயிறு, பின்வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி, நீளமாக ஒரு சத்தம் போட்டது.

ஆலிங் சாயோங்கின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி சொன்னாள், மெதுவாக, "காயின் தாயோ."

லின்ஃபர்ட் அந்தத் தட்டைப் பார்த்தாள். ஐடஹோவில் கிழங்கு தோண்டும் காலத்தில், களத்துக்கு யார் வந்தாலும் அவள் அம்மா முதலில் ஒரு தட்டைத்தான் நீட்டுவாள். விதை விற்கிறவனோ, வழி கேட்கிறவனோ, சாப்பிட்ட பிறகுதான் பேச்சு. வேண்டாம் என்றவனைப் பற்றி, "அவனுக்கு நம்ம வீடு பிடிக்கல" என்பாள்.

இத்தனை நாளாக இந்தப் பெண்ணின் வீடு பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"சரிங்க" என்றாள் தகாலோக்கில். உட்கார்ந்தாள்.

ஃபோனோட்டி ஒரு கணம் திகைத்து, தானும் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். லின்ஃபர்ட் இல்லாத முள்கரண்டியைத் தேடினாள். "கை!" என்று ஃபோனோட்டி காதைக் கடித்தாள். அந்தப் பெரிய கை தட்டில் இறங்கியது. இல்லாத சோற்றைக் கூட்டிப் பிசைந்தது. வாய்க்குப் போயிற்று. மென்றாள். நடுவில் நிறுத்தி, இரண்டு விரலால் நாக்கிலிருந்து ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

("நான் அந்த முள்ளைப் பார்த்தேன் ஆத்தே," என்றாள் கிறிசாந்தா. "சத்தியமா பார்த்தேன்.")

"மீன்... ருசி" என்றாள் லின்ஃபர்ட். தினமும் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே காதில் தங்கிப்போன சொற்கள். "இன்னும்... இருக்கா?"

"இருக்கு, இருக்கு! சோறு?"

"எனக்கும் சோறு!" என்றாள் ஃபோனோட்டி. "நிறைய சோறு!"

அடுத்துத்தான் அது நடந்தது. லின்ஃபர்ட், எந்தப் பாடத்திலும் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டாள்.

"இந்த மீன்... யார் பிடிச்சது?"

ஆலிங் சாயோங் இடுப்புத் துணியை இழுத்துச் செருகிக்கொண்டாள். "என் வீட்டுக்காரர் பிடிப்பார். முன்னாடி. இப்ப கப்பல்ல வேலை. தூரத்துல. இது பக்கத்து வீட்டு மீன்."

"பேசுவாரா?"

"எப்பவாவது."

"நீங்க... தனியா சாப்பிடுறீங்க?"

"ம். நீங்க வந்தா இல்ல."

பிறகு லின்ஃபர்ட் நிறுத்தவில்லை. வினை பின்னால் போனது, பெயர் முன்னால் வந்தது, காலம் எல்லாம் குழம்பியது. அப்பாவைப் பற்றிச் சொன்னாள். மாடு என்ற சொல் தெரியாமல் கத்திக் காட்டினாள். ஃபோனோட்டி திருத்தினாள், அவள் கத்திய மாடு இன்னும் பெரியது. லின்ஃபர்ட் தன் வீட்டு மேஜையருகே எப்போதும் ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டிருக்கும் என்று சொன்னாள். அங்கிருந்து, கடவுள் வீட்டு மேஜையிலும் அப்படித்தான் என்று நம்புவதாகச் சொன்னாள். அது பாடத்தின் முதல் வரி. எப்போது அதற்குள் வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கப்பலில் இருக்கிறவருக்காக ஜெபிக்கட்டுமா என்று கேட்டு, ஐந்தாறு சொற்களில் ஜெபித்தாள்.

மணி அடித்தது. சந்தைக்கு நேரமாகவில்லை.

"நாளைக்கும் வாங்க" என்றாள் ஆலிங் சாயோங். ஃபோனோட்டியைப் பார்த்து, "நீ மட்டும் உன் சோத்தக் கொண்டு வந்துடு."

7

"கப்பல்ல வீட்டுக்காரர்னு முன்னாடியே யோசிச்சு வச்சிருந்தியா?" என்று கேட்டேன்.

"இல்ல ஆத்தே. அவ கேட்டப்பதான் வந்தார்."

என் பாத்திரங்களின் கணவர்களை நான் மூன்றாம் அத்தியாயத்திலேயே திட்டம் போட்டு வைத்துவிடுவேன். அவர்களில் ஒருவர்கூட இப்படி வந்ததில்லை. யாராவது உட்கார்ந்து சாப்பிட்டால்தான் வருவார்கள் போலிருக்கிறது.

நியாயத்துக்கு, சோகமான முடிவு ஒன்றும் எழுதிப்பார்த்தேன். பிரதர் கார்ஸ்டென்ஸ், "உருக்கமா இருந்துச்சு. ஆனா இலக்கணம்" என்று தலையாட்டுகிறார், லின்ஃபர்ட் அயோவா போகிறாள், அக்காவின் பழைய கோட்டு அவளுக்குச் சரியாக இருக்கிறது. அந்தக் கோட்டை அவளுக்குப் போட்டுவிடும்போதே என் மனசு கேட்கவில்லை. கிழித்துவிட்டேன். உண்மையில் நடந்ததும் அதுவல்ல.

நடந்தது இது. அவர் எழுந்து முன்னால் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நீ ஒப்பிக்க வேண்டிய பாடத்துல ஒரு வரிதான் ஒப்பிச்சே" என்றார்.

"ஆமாங்க."

"இதைத்தான் நான் உங்கிட்ட எதிர்பார்த்திருக்கணும். மணிலா டிக்கெட் அப்படியே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு மேஜையிலிருந்த தட்டை எடுத்தார். துடைத்து வைத்தது போல் சுத்தமாக இருந்த அந்தத் தட்டை, ஓரத்து முள் கீழே விழாதபடி கவனமாகச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு, நடைக்கூடம் தாண்டி, கழுவப்போடும் தொட்டியில் வைத்துவிட்டு வந்தார்.

ஃபோனோட்டி தன் ஜோடியை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். "எங்க ஊர்ல சாப்பாட்ட வேண்டாம்னு சொன்னா எங்கம்மா செருப்பத் தூக்குவாங்க. இங்க ஏதோ சட்டம்னு நினைச்சுல்ல வாய மூடிக்கிட்டிருந்தேன்!"

"கீழ விடு, வாந்தி வரும்."

"வரட்டும். மீன்தானே!"

8

கடைசிப் பக்கம். என் நாவலென்றால் இங்கே மேளம் கொட்டியிருக்கும்.

சில மாதம் கழித்து. பத்தாங்காஸ். உச்சி வெயில். தகரக் கூரை, பாதி பெயிண்ட் உரிந்த இரும்புக் கதவு. லின்ஃபர்டின் கழுத்தெல்லாம் வேர்வை. உள்ளே யாரோ நடமாடுகிறார்கள். ஏதோ வறுபடுகிற வாசனை. அவள் பெரிய கையைக் கதவுக் கம்பியில் வைத்து, ஃபோனோட்டியிடம் கடன் வாங்கின குரலில், தெருவுக்கே கேட்கக் கூப்பிடுகிறாள்:

"தாவோ போ!"

உள்ளேயிருந்து வருவது யார் என்று

இல்லை, அதை நான் எழுதப்போவதில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது நீங்கள். உங்கள் அடுப்பில் என்ன இருக்கிறது, உங்கள் வீட்டில் யார் கப்பலில் போயிருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? திறப்பதும் திறக்காததும் உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் தைரியமாக நம்பலாம்: சாப்பிட வாங்க என்று நீங்கள் சொன்னால், அவள் வேண்டாம் என்று சொல்லமாட்டாள். அந்த ஒரு வரியை மட்டும் நான் முடித்துக் கொடுத்துவிட்டேன்.