டாலி பிடிக்கிற பக்கம்

கஜபதி சார் எனக்குத் தர வேண்டியது நாற்பத்தோராயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். ஐம்பத்தொன்பதரை நாள் கூலி, நாளுக்கு எழுநூறு. அந்த அரை நாள், மழையில் கரண்டு போய் மத்தியானத்தோடு வேலை நின்ற நாள். முழு நாளாகவே போட்டுக்கொள் என்றார். செய்யாத வேலைக்குக் காசு வேண்டாம் என்று நான்தான் அரையாக்கினேன். இவ்வளவு சரியாகக் கணக்கு வைத்திருந்தவனுக்குக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

கேட்டே ஆக வேண்டிய நிலை மார்ச் மாதம் வந்தது. என் மனைவி தபிதாள் இறந்து மூன்று வருடம் ஆகப் போகிறது. எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொஞ்சம். மண்மேடாக விட்டிருக்கும் குழியை மூன்று வருடம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதே இடம் அவளுக்கே வேண்டுமென்றால் நாற்பதாயிரம் கட்டிச் சிமெண்டு போட வேண்டும். கமிட்டிச் செயலாளர் சாம் அண்ணன் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

"யோபு, உனக்காக அந்த எடத்த யாருக்கும் எழுதாம வெச்சிகினு கீறேன். ஈஸ்டர் தாண்டிச்சுன்னா என் கையில இல்லப்பா."

நான் செய்தது கூலி வேலைதான், ஆனால் கட்டியது விமானம். பள்ளிப்பட்டு ரோட்டில் கஜபதி சார் பங்குக்கு வந்த நிலம் நீளவாக்கில் நூற்றறுபது மீட்டர். ஒரு பக்கம் ஏரிக்கரை, எதிர்ப்பக்கம் மின்சாரக் கம்பி. மற்ற இரண்டு பக்கமும் தம்பிகளின் கரும்பு, ஓரடி கூட விட மாட்டார்கள். அதற்குள்ளேயே ஓடி எழும்பி அதற்குள்ளேயே இறங்க வேண்டும். அப்படிப்பட்ட விமானத்தை வெளிநாட்டிலிருந்து துண்டு துண்டாகப் பெட்டியில் வரவழைத்தார். நாம்தான் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். சிறகுக்கு முன்னால் இரண்டு விரல் சந்து விட்டு இன்னொரு ஒல்லிச் சிறகு வரும். அந்தச் சந்தில் காற்று ஏறிப் போவதால், சைக்கிளில் போகிறவன் மாதிரி மெதுவாகப் போனாலும் கீழே விழாதாம்.

கஜபதி சார் விமானப் படையில் மெக்கானிக்காக இருந்து, பிறகு பெங்களூரில் கம்பெனி வேலை பார்த்து, அறுபத்து நாலு வயதில் ஊர் திரும்பியவர். அவர் மனைவி இறந்துவிட்டார்கள். மகள் கவிப்பிரியா கனடாவில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். பெட்டி வந்து இறங்கிய வாரம், அரக்கோணம் ரோட்டில் நான் வேலை செய்த லாரி பட்டறைக்கு வந்து, "இங்க டாலி புடிக்கிற ஆளு யாரு?" என்று கேட்டார். எல்லாரும் என்னைக் கை காட்டினார்கள்.

தகட்டோடு தகட்டைச் சேர்க்க ரிவெட் ஆணி அடிப்போம். ஒருவர் வெளிப்பக்கம் நின்று, காற்றில் ஓடும் ரிவெட் கன்னை வைத்து அடிப்பார். உள்பக்கம் இன்னொருவர் ரிவெட்டின் வாலுக்கு நேராக ஒரு இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதுதான் டாலி. அடி விழ விழ வால் நசுங்கித் தொப்பியாகும். இருபத்திரண்டு வருடம் லாரிகளுக்குள் உட்கார்ந்து அதைத்தான் பிடித்தேன். இடது மணிக்கட்டு காலையில் மடங்காது. டாலி என் சொந்தம், ஒன்றரைக் கிலோ. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் துணிப்பையில் போட்டு வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுவேன்.

வெளியில் அடிப்பவருக்கு வால் எப்படி நசுங்கியது என்று தெரியாது. உள்ளே இருப்பவன்தான் சொல்ல வேண்டும், அந்தச் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் தகட்டில் தட்டிச் சொல்வது என்று முதல் நாளே கஜபதி சார் கற்றுக்கொடுத்தார். ஒரு தட்டு, இன்னொரு முறை அடி. இரண்டு தட்டு, நன்றாக வந்தது, அடுத்ததுக்குப் போ. மூன்று தட்டு, கெட்டுப்போச்சு, எடுத்துப் போடு. தட்டுவது எப்போதும் என் பக்கம். இரண்டரை வருடமாக ஒரு தகட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் இந்தத் தட்டுகள்தான். முகம் பார்ப்பது டீக்கு மட்டும். ஒரே பிளாஸ்க், அவருக்கு ஒரு டம்ளர், எனக்கு மூடி.

ரோட்டோர டீக்கடைத் தணிகைவேல் என்னைப் பார்த்தாலே ஆரம்பிப்பான். "இன்னா யோபு, உங்க ஏரோப்ளேன எப்போ பொதட்டூர்பேட்டைக்கு டவுன் பஸ்ஸா வுடப் போறீங்க? மகளிருக்கு ஃப்ரீயா?"

"உனக்கு ரெண்டு டிக்கெட்டுடா. வாயிக்குத் தனியா ஒண்ணு."

"கூலி குடுக்கிறாரா, இல்ல பறந்தப்புறம் மேலேர்ந்து போடுவாரா?"

வாரா வாரம் ஏதோ கொடுப்பார். முழுதாகக் கொடுத்ததே இல்லை.

கேட்க வாய் வராததால் கடிதமாக எழுதினேன். தபிதாள் இருந்தவரை ஒவ்வொரு நாளும் சாப்பிட்டதும் பைபிளில் ஒரு அதிகாரம் வாசிப்பாள், நான் கேட்பேன். அவள் போன பிறகு புத்தகம் மூடியே கிடந்தது. நாற்பத்தேழு வயதில், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஸ்வீட்லின் டீச்சரிடம் அ, ஆ ஆரம்பித்தேன். இது கஜபதி சாருக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த வாரம் அவர் நீட்டிய நோட்டில் கட்டைவிரல் ரேகை வைத்தவன் நான். அதன்பின் சொல்ல வெட்கம். அரைப் பக்கக் கடிதம் எழுத மூன்று நாள் ஆனது.

கடிதத்தோடு நான் போன அன்றைக்கு ஷெட்டில் ஆள் இல்லை. அனுமதிப் பேப்பர் விஷயமாகக் காலை ரயிலில் மெட்ராஸ் போயிருந்தார். போன் வந்தது.

"யோபு, மத்தியானம் வந்துர்றேன். அடுத்த வரிசைக்கு ரிவெட்டு பொறுக்கி வெய்யி. கறுப்பு நோட்டுல கடைசிப் பக்கத்துல சிறகு படம் போட்டு நம்பர் எழுதிகீறேன். நம்பர் தெரியுமில்ல? பாத்து எடு."

நம்பர் பார்த்து ரிவெட் பொறுக்கி வைத்தேன். பிறகும் நோட்டு கையிலேயே இருந்தது. எழுத்து வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பஸ் போர்டு, உப்புப் பாக்கெட், கட்சி போஸ்டர், எதிர்ப்பட்டதையெல்லாம் கூட்டிப் படித்துப் பார்ப்பேன். நோட்டை முதல் பக்கத்திலிருந்து திருப்பினேன்.

'எது வாங்கலாம்' என்று தலைப்பு. நடுவில் கோடு போட்டு இரண்டு விமானம்.

முதலாவது: ஓடித் தூக்க தொண்ணூறு மீட்டர். ரிவெட் ஒரே பக்கத்திலிருந்து இழுத்து மாட்டலாம். ஒரு ஆள் போதும். பதினாலு மாதம்.

இரண்டாவது: நூற்று முப்பது மீட்டர். நாலு லட்சம் கூட. ரிவெட்டுக்கு இருபக்கமும் ஆள். தினம் ஒருவர் வர வேண்டும். மூன்று வருடம்.

டிக் இரண்டாவதுக்குப் போட்டிருந்தது.

தவறாகக் கூட்டிவிட்டேனோ என்று விரல் வைத்து மறுபடி படித்தேன். எழுத்து மாறவில்லை. நூற்றறுபது மீட்டர் நிலத்துக்கு எது சரி என்று எனக்கே தெரிகிறது, அவருக்குத் தெரியாதா?

பத்துப் பக்கம் தள்ளி என் பேர் இருந்தது. 'யோபு. கூலி முழுசா குடுத்தா வேற வேலைக்குப் போயிடுவான். ரெண்டு மாசம் நிப்பாட்டி வைக்கணும்.'

லாரி பட்டறை முதலாளிகள் செய்வதும் இதுதான். ஆள் ஓடாமலிருக்கக் கொஞ்சம் பிடித்து வைப்பார்கள். அவர்கள் வாயாலேயே சொல்வார்கள், நாமும் திட்டிக்கொண்டே போவோம். இவரை நான் அந்தக் கணக்கில் சேர்த்ததில்லை. கையில் காசில்லாமல் தவிக்கிறார் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அங்கே தபிதாள் இடத்தை வேறு யாருக்கோ எழுதப் போகிறார்கள், இங்கே என் காசு சும்மா கிடக்கிறது. நோட்டைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது.

கிழிக்கத்தான் பக்கத்தைப் புரட்டினேன். தேதி போட்டு ஒவ்வொரு வரி. நான் லீவு போட்ட நாட்கள்.

'யோபு வரலை. யாரும் வரலை.'

'ஆடிக் கிருத்திகை. பஸ் இல்லை. யோபு வரலை.'

'யோபுவுக்குக் காய்ச்சல், நாலாம் நாள். கன்னை சும்மா ஓட்டிப் பார்த்தேன்.'

நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். கோபம் போகவில்லை. போகாமலே, என்னவோ மாதிரி ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் கரண்டு இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் நானும் ரேடியோவைச் சும்மா போட்டு வைப்பேன்.

இரண்டு மணிக்கு வந்தார். பேப்பர் விஷயம் இன்னும் ஆறு மாதம் ஆகும் என்றார். நான் கடிதத்தை நீட்டினேன்.

"இன்னா இது? யார் எழுதிக் குடுத்தாங்க?"

"நான்தான் சார்."

"நீயா?"

"ஆங். சர்ச்சுல கத்துக்கினேன்."

படித்தார். அரைப் பக்கத்துக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு மேஜை மேலிருந்த கறுப்பு நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"படிச்சிட்டியா?"

"படிச்சேன் சார். நம்பர் மட்டும் படிச்சிருக்கலாம்."

"ஒய்ஃபு கல்லறை விஷயத்த என்னாண்ட சொல்லவே இல்லியே நீ."

"நீங்களும் எதயும் சொல்லலியே சார். ஒரு ஆளு போதுங்கிற வண்டி இருந்துதாமே. என் கையப் பாருங்க, காலையில லுங்கி முடிச்சு போட வரமாட்டேங்குது. எழுநூறு ரூபாய்க்கு வர்ற ஆளுதான், இல்லேங்கல. வான்னா வரப்போறேன். அதுக்கு இன்னாத்துக்கு சார் காசப் புடிச்சு வெக்கணும்?"

அவர் பீரோவைத் திறந்து ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவை எடுத்தார். முழுக்க ஐந்நூறு ரூபாய் நோட்டு. வாரா வாரம் பிடித்ததைத் தனியாக எடுத்துப் போட்டிருக்கிறார். எண்பத்து மூன்று நோட்டு எண்ணி, மேலே ஒரு நூறும் ஒரு ஐம்பதும் வைத்தார். நான் ஒருதரம் எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். இன்னும் பத்து நோட்டை எடுத்து நீட்டினார்.

"இது எதுக்கு?"

"லேட்டானதுக்கு."

"கூலிதான் கேட்டேன் சார்."

அந்தப் பத்தையும் உள்ளே போட்டு டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, இரண்டு முறை அழுத்தினார்.

"பொறுக்கி வெச்ச ரிவெட்டு பதினாறு கீது," என்றார், சிறகைப் பார்த்துக்கொண்டு. "இன்னைக்கு நேரம் கீதா உனக்கு?"

கம்ப்ரஸரைப் போட்டேன். டாலியை எடுத்துக்கொண்டு இடது சிறகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவர் அந்தப்பக்கம். அடி விழுந்தது, இரண்டு தட்டினேன். அடுத்தது. ஆறாவது மட்டும் சாய்ந்தது, மூன்று தட்டினேன், எடுத்துப் போட்டு வேறு அடித்தார். பதினாறாவதுக்கும் இரண்டு தட்டியாயிற்று. அவர் கன்னைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

நான் எழுந்திருக்கப் போனேன். அந்தப்பக்கத்திலிருந்து தகட்டில் ஒரு தட்டு.

ரிவெட்டைத் தடவிப் பார்த்தேன். வால் சரியாகத்தான் இருந்தது, இன்னொரு முறை அடிக்க அதில் ஒன்றுமில்லை. அவர் இதுவரை தட்டியதே கிடையாது. தகட்டுக்கு இந்தப்பக்கம் நான் உட்கார்ந்தே இருந்தேன். கன் எழும்பவில்லை, காலடியும் கேட்கவில்லை. ஏரிக்கரைப் பக்கமிருந்து பஸ் ஹாரன் வந்து போனது.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு தட்டினேன்.

வெளியே வந்தபோது அவர் கூலி நோட்டை விரித்து, பழக்கதோஷத்தில் மைப்பெட்டியையும் பக்கத்தில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் மைப்பெட்டியை எடுத்து டிராயரில் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினார்.

"நாளைக்கு சாம் அண்ணன்கிட்ட பணம் கட்டணும், கொத்தனாரயும் பாக்கணும்," என்றேன். "வரமாட்டேன்."

"சரி. இனிமே நீ வந்துதான் ஆவணும்னு ஒண்ணும் இல்ல."

"ஆங். இல்ல."

இரண்டரை வருடத்தில் முதல்முறையாகத் துணிப்பையில் இவ்வளவு பணம் இருந்தது. அதனால் டாலிக்கு அதில் இடமில்லை என்றில்லை, இருந்தது. அதை மேஜை மேல், ரிவெட் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அது இல்லாமல் வேறு எந்தப் பட்டறையிலும் எனக்கு வேலை இல்லை என்று அவருக்குத் தெரியும். நான் குனிந்து, கோடு தாண்டாமல், மெதுவாக எழுதினேன்.

'ரூபாய் 41,650 பெற்றுக்கொண்டேன். பாக்கி இல்லை. யோபு.'