தொண்ணூற்று நான்காம் பக்கம்

பதிப்பாளர் அந்தக் கடிதத்தை இழுப்பறையிலிருந்து எடுத்த விதமே சரியில்லை. பாராட்டுக் கடிதம் என்றால் கட்டடமே அதிர வாசித்துக் காட்டுகிற மனிதர், இதை இரண்டு விரலால் பிடித்து, செத்த எலியைத் தூக்குவது போல நீட்டினார்.

"நீங்களே படிங்க தங்கச்சி."

பதிப்பகத்தில் எல்லோருக்கும் அவள் தங்கச்சிதான். ஒன்பது வருடத்துக்கு முன் முதல் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, கூட வந்த அண்ணன் "இது என் தங்கச்சி, கதை எழுதுவா" என்று சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. கப்பல் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் தட்டச்சு செய்து ஓய்ந்தவள். குடைக்காரம்மா வரிசையில் ஆறு துப்பறியும் நாவல் வந்தாயிற்று, ஏழாவது புரூஃபில் இருந்தது. குடைக்காரம்மா சுங்கத்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். வெயிலோ மழையோ, கையில் குடையோடு துறைமுகத்தில் நடக்கிற கொலைகளைத் துப்பறிவாள். ஒவ்வொன்றும் பத்து ஃபாரம், நூற்றறுபது பக்கம். முதல் ஃபாரத்துக்குள், அதாவது பதினாறு பக்கத்துக்குள், பிணம் விழுந்துவிட வேண்டும் என்பது பதிப்பாளரின் ஒரே நிபந்தனை. அட்டை வரைகிறவருக்கோ நிபந்தனையே கிடையாது. ஆறாவது கதை முழுக்க மூடுபனி என்று படித்துப் படித்துச் சொல்லியும், பளீரென்ற வெயிலில் நீலக் கடலைத்தான் வரைந்து கொடுத்தார்.

கடிதம் அந்த ஆறாவது நாவலைப் பற்றியது. ஒரு மருந்துக்கடையின் பெயர் அச்சிட்ட தாளில் பொடிப்பொடியாக எழுதியிருந்தது.

"தொண்ணூற்று நான்காம் பக்கத்தில், மூடுபனிச் சங்கு ஊதாததால் ஒரு படகு அலைத்தடுப்புச் சுவரில் மோதுகிறது. சங்கு மூன்று மணியிலிருந்தே ஊதியதாகப் பதிவேட்டில் இருக்கிறது. குடைக்காரம்மா அந்தத் தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, பிளேடால் சுரண்டிய இடத்தில் ஓட்டை விழுந்திருப்பதைப் பார்க்கிறாள். இருபத்தெட்டு வருடத்துக்கு முன் என் அப்பா அப்படித்தான் செத்தார். அந்த ஓட்டை நிஜமாகவே அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. எனக்கு இருபது வயதானபோது மாமா அலைந்து திரிந்து அனுமதி வாங்கி என்னை அழைத்துப் போனார். நானும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எந்தப் பத்திரிகையிலும் அது வரவில்லை. உங்களுக்கு யார் சொன்னார்கள்?"

அவளுக்கு முதலில் வந்த சந்தேகம் பதிப்பாளர் மேல்தான். ஆறாவது புத்தகத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவர். பரபரப்பு உண்டாக்க அவரே ஆள் வைத்து எழுதியிருந்தால்?

"இது நிஜமாவே தபால்ல வந்ததா?" என்று நூல் விட்டுப் பார்த்தாள்.

"அட, உறையைப் பாருங்க. முத்திரை இருக்கில்ல? என்னையே குற்றவாளி ஆக்கிடுவீங்க போலிருக்கே!" அவர் முகம் நிஜமாகவே சுருங்கிப்போயிற்று.

அடுத்து புரூஃப் ரீடர். அவர் காற்புள்ளியைக்கூட அனுமதி கேட்டுத்தான் நகர்த்துகிற ஆள். அவர் சொந்தமாக ஒரு ஓட்டையைச் சேர்த்திருப்பார் என்று நினைப்பதே பாவம். பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். ஓட்டை அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது. அதை அவளுக்குச் சொன்னது அண்ணன்.

கடல் சமாச்சாரம் எல்லாமே அண்ணன் கொடுத்ததுதான். துறைமுகச் சிக்னல் அறையில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். அவளைவிடப் பதினோரு வயது மூத்தவர். எந்த நேரம் நீர் வற்றும், பிணம் எத்தனை நாளில் மிதக்கும், நனைந்த கயிற்று முடிச்சை ஏன் அவிழ்க்க முடியாது என்று ஒவ்வொரு ஞாயிறும் பிரதியை வைத்துக்கொண்டு திருத்துவார். ஆனால் கதை சொன்னதில்லை. ஆறாவது புத்தகத்தில் மட்டும் அந்த ஒரு அத்தியாயத்தை வரிக்கு வரி, அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து காத்திருந்து சொன்னார்.

அன்றைக்கே இரண்டு தெரு தள்ளியிருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஜன்னலோரம் ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"அண்ணா, அந்தப் பதிவேட்டு ஓட்டை… அது உனக்கு எப்படித் தோணுச்சு?"

திருகாணி அவர் விரலிலிருந்து நழுவி உருண்டது. குனிந்து தேடினார். நிமிர அதிக நேரம் பிடித்தது.

"எல்லாம் கற்பனைதான்."

அண்ணி சிரித்தாள். "இவருக்குக் கற்பனையா? யாராவது போன் பண்ணா 'வீட்டுல இல்லைன்னு சொல்லுங்க'ன்னு சொன்னா, 'நான் வீட்டுல இல்லை'ன்னு சொல்ற மனுஷன்!"

அவளும் சிரித்துவைத்தாள். ஆனால் வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அந்தத் திருகாணிதான் மனசில் உருண்டது. சொந்த அண்ணனைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்ததை நினைத்து அவளுக்கே கூச்சமாக இருந்தது. குடைக்காரம்மா இப்படியெல்லாம் கூசியதே இல்லை. கூசாதவளாக எழுதுவது சுலபம்.

மறுநாள் காலை மருந்துக்கடையைத் தேடிப் போனாள். கல்லாவுக்குப் பின்னால் முப்பத்தைந்து வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு பெண், மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். தங்கச்சி தன்னை யாரென்று சொன்னதும் அந்தப் பெண் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"நீங்களே வருவீங்கன்னு நினைக்கல. உள்ள வாங்க."

மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே இருந்த முக்காலியில் உட்காரவைத்து, பழைய கோப்பு ஒன்றை எடுத்துவந்தாள்.

"அப்பாகூடப் போனவர் ஒருத்தர் பொழைச்சுட்டார். சங்கு ஊதவே இல்லைன்னு தலையால அடிச்சுச் சொன்னார். அவர் குடிச்சிருந்தார்னு விசாரணையில எழுதிட்டாங்க. எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க, 'சங்கு ஊதியிருந்தா உங்கப்பா திரும்பியிருப்பார்'னு. எனக்கு அப்ப எட்டு வயசு. இந்தாங்க, பதிவேட்டோட நகல்."

நகலில் அந்த ஓட்டை கறுப்புப் புள்ளியாக விழுந்திருந்தது. 'சங்கு தொடக்கம்' என்ற கட்டத்தில் 3.00 என்று இருந்தது. நடுவில் இருந்த பூஜ்யத்துக்கு அடியில்தான் புள்ளி. ஆனால் அவள் கண் அதில் நிற்கவில்லை. மேலே தேதியில் போய் மாட்டிக்கொண்டது. 17. ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. அந்த ஏழை அவள் ஒன்பது வருடமாகத் தன் பிரதிகளின் ஓரத்தில் பார்த்துவருகிறாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஏழும் அதுதான்.

"இந்தக் கையெழுத்து யாருதுன்னு தெரியுதா?" அந்தப் பெண்ணின் பார்வை அவள் முகத்தைவிட்டு நகரவில்லை.

"தெரியலைம்மா," என்றாள்.

 முக்காலியிலிருந்து எழுந்து தெருவுக்கு வந்தபிறகுதான் தேதியின் மிச்சம் மண்டையில் உறைத்தது. மாதமும் வருடமும் அவளுக்கு மனப்பாடம். கப்பல் கம்பெனி வேலைக்காக அவள் வெளியூருக்கு நேர்முகத் தேர்வுக்குப் புறப்பட்ட நாள் அது.

அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. தனியாக எங்கேயும் போனதில்லை. பேருந்து நிலையம் துறைமுக வாசலுக்குப் பக்கத்தில்தான். பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டு அன்று சங்கைக் கவனிக்கவேண்டிய அண்ணன் சிக்னல் அறையிலிருந்து வழியனுப்ப வந்தார். இரண்டே முக்கால் வண்டி மூடுபனியால் வரவில்லை. அவள் பயத்தில் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவர் பையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொல்லிச் சிரிக்கவைத்தார். வண்டி வந்தபோது மூன்றரை. அது கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் பின்னால் சங்கு ஊதுவது கேட்டது. அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிகூட அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

 அவள் நேராக அண்ணன் வீட்டுக்கு நடந்தாள்.

அண்ணி கடைக்குப் போயிருந்தாள். ரேடியோ இன்னும் பிரித்தபடியே கிடந்தது.

"மருந்துக்கடைக்குப் போயிட்டு வரேன்," என்றாள். "பதிவேட்டு நகலைப் பார்த்தேன். ஏழைப் பார்த்தேன்."

அவர் மறுக்கவில்லை. எந்த மருந்துக்கடை என்றும் கேட்கவில்லை. கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மூணு நாப்பதுன்னுதான் எழுதினேன். நிஜத்தைத்தான் எழுதினேன். மேலதிகாரி வந்து பார்த்தார். 'நாலை எடுத்துட்டுப் பூஜ்யம் போடு, இல்லைன்னா நாம ரெண்டு பேருமே காலி'ன்னார். பிளேடை அவர்தான் கொடுத்தார். சுரண்டினது நான்."

"என்னை வழியனுப்ப வந்ததாலதானே?"

"அதை நீ தலையில ஏத்திக்காதே. பத்து நிமிஷம்னு சொல்லிட்டு வந்தவன், பத்தாவது நிமிஷம் எழுந்து போயிருக்கணும். பனி இறங்குறது கண்ணுக்குத் தெரிஞ்சுது. சின்னதா இறங்குதுன்னு நினைச்சேன்."

"அப்புறம் எதுக்குண்ணா என் புத்தகத்துல கொண்டுவந்து வச்சே?"

அவர் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ கேப்பேன்னு நினைச்சேன். ஊருல இருக்கற பொய்யெல்லாம் கண்டுபிடிக்கறவளை எழுதுறியே, இது எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேப்பேன்னு நினைச்சேன். நாலு வாரம் காத்திருந்தேன். நீ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். 'இது எத்தனை பக்கம் வரும்ணா?'"

 அவள் அப்படிக் கேட்டது உண்மை. ஒன்பது பக்கம் வரும், ஃபாரம் சரியாக நிறைந்துவிடும் என்று சந்தோஷப்பட்டதும் உண்மை.

மறுநாள் இரண்டு பேரும் மருந்துக்கடைக்குப் போனார்கள். அண்ணன் சலவைச் சட்டை போட்டிருந்தார். கடையில் இருமல் மருந்துக்கு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் போகும்வரை ஓரமாகக் காத்திருந்துவிட்டு, கல்லாவுக்கு முன்னால் நின்றபடியே அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். தங்கையை வழியனுப்பப் போனதை மட்டும் 'சொந்த வேலையா வெளியே போயிருந்தேன்' என்றார். அவள் குறுக்கிட்டு, "என்னைப் பஸ் ஏத்திவிட வந்திருந்தார்," என்றாள்.

அந்தப் பெண் கத்தவில்லை, அழவில்லை. ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. தேதியும் போடுங்க." அவர் எழுதி முடிக்கும்வரை பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"சங்கு ஊதியிருந்தா அப்பா பொழைச்சிருப்பாரா?"

"தெரியலைம்மா. பொய் சொல்ல விரும்பல. தெரியல."

அவள் தாளை மடித்தாள். பிறகு அண்ணனை விட்டுவிட்டுத் தங்கச்சி பக்கம் திரும்பினாள்.

"நேத்து உங்களுக்குக் கையெழுத்து தெரிஞ்சுது. தெரியலைன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அவருக்கு அன்னைக்கு வேலை போயிடும்னு பயம். உங்களுக்கு நேத்து என்ன பயம்?"

 அந்தப் பெண் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த ஆள் சீட்டை நீட்ட, வாங்கிக்கொண்டு மருந்து எடுக்க உள்ளே போய்விட்டாள்.

மருந்துக்கடைக்காரி அந்த வாக்குமூலத்தைத் துறைமுக அலுவலகத்துக்கு அனுப்பினாள். சம்பந்தப்பட்ட மேலதிகாரி காலமாகிவிட்டார், எழுத்தர் ஓய்வுபெற்றுவிட்டார், கோப்பு முடிக்கப்பட்டது என்று மூன்று வரியில் பதில் வந்தது. அவள் விடுவதாக இல்லை. தப்பிப் பிழைத்தவர் குடித்திருந்தார் என்ற வரியையாவது நீக்கியே தீரவேண்டும் என்று மறுபடி எழுதினாள். இரண்டாவது மனுவில் அண்ணனும் கையெழுத்துப் போட்டார். விஷயம் எப்படியோ பதிப்பாளர் காதுக்கு எட்ட, 'உண்மைச் சம்பவம்' என்று மறுபதிப்பு அட்டையில் போடலாமா என்று கேட்டார். கூடாது என்றாள் தங்கச்சி. அவர் பத்து நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார்.

ஏழாவது நாவலின் புரூஃப் அவள் மேசையில் அப்படியே கிடந்தது. நாலு ஞாயிறு அண்ணன் வரவில்லை. ஐந்தாவது ஞாயிறு வந்தார். இருவருமே துறைமுகத்தைப் பற்றிப் பேசவில்லை. தேநீர் குடித்துவிட்டு, அவராகவே தாள்களை இழுத்துவைத்துக்கொண்டு படித்தார். நடுவில் நிறுத்தி, "ஐஸ் ஃபாக்டரிக்குப் பின்னால பிணம் கிடக்குதுன்னு எழுதியிருக்கே. அங்க ஆள் நடமாட்டம் அதிகம். பழைய எடைமேடைக்கு மாத்து. அங்க ரெண்டு நாள் கிடந்தாலும் தெரியாது," என்றார்.

அவள் பேனாவை எடுத்தாள். எழுதவில்லை.

"அது உனக்கு எப்படித் தெரியும்ணா?"

அண்ணன் தாள்களை மேசைமேல் வைத்தார்.

"அங்க யாரும் போகமாட்டாங்க. அதான். வேற ஒண்ணும் இல்லை."

ஒருவேளை அது உண்மையாகவே இருக்கலாம். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு நாள்னு ஏன் சொன்னே?" என்றாள்.